‘குவாரன்டைன்’ பார்த்தாச்சு, இனி ‘ரெக்’ பார்ப்பதில் அர்த்தம் இருக்கா?

மஞ்சக்குப்பம்வாசி எழுதியது:

கதை, முடிவு எல்லாம் இதில் வரும். பார்க்காதவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளுங்கள், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

2008இல் வந்த அமெரிக்கப் படம் ‘குவாரன்டைன்’ பார்த்தேன், ஜான் எரிக் டவுடில் இயக்கியது. இது ‘ரெக்’ என்கிற ஸ்பானியப் படத்தின் ரீமேக் என்பது படம் முடிந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூலப்படம் ஸ்பெயினில் 2007 நவம்பரில் ஓடியிருக்கிறது, ரீமேக் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் தியேட்டருக்கே வந்துவிட்டது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. நம் ஊரில் தெலுங்குப் படத்தைத் தூக்கி வருகிறவர்கள்கூட கொஞ்சம் ஆறப்போட்டுத்தான் தூக்குவார்கள்.

கதை தெரியாமலேயே படிக்கிற பிடிவாதக்காரர்களுக்கு: ஏஞ்சலா என்கிற டிவி நிருபரும் ஒரு கேமராமேனும் தீயணைப்பு நிலையத்தில் ராத்திரி வேலை எப்படி நடக்கிறது என்று படம் எடுக்கப் போகிறார்கள். ஒரு குடியிருப்பிலிருந்து அழைப்பு வருகிறது, வண்டியில் தொற்றிக்கொண்டு இவர்களும் போகிறார்கள். ஒரு கிழவி போலீஸ்காரரைக் கடித்துவிடுகிறாள். கீழே இறங்கி வந்தால் வாசல் கதவை வெளியிலிருந்து அடைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நாம் பார்ப்பதெல்லாம் அந்த ஒரே கேமரா பதிவு செய்ததுதான்.

தீயணைப்பு நிலையத்தில் அடிக்கிற அரட்டை இழுவை. ஆனால் கதவை அடைத்த பிறகு என்னால் சாதாரணமாக உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. குழந்தைக்கு உடம்பு சுடுகிறது, அம்மா “ஒன்றுமில்லை, நெஞ்சுச் சளிதான், அவங்க அப்பா மருந்து வாங்கப் போயிருக்கார்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இதை 2008இல் பார்த்தவன் என்ன நினைத்திருப்பானோ தெரியாது, 2020ஐ கடலூரில் கழித்தவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்தவர்களால் நம் மாவட்டத்தில் எண்ணிக்கை ஏறியது நினைவிருக்கும். எங்கள் தெருமுனையில் சவுக்குக் கட்டை நட்டுத் தகரம் அடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் அந்த அம்மா சொன்ன வசனத்தைத்தான் சொன்னோம், சாதா சளிதான், மழையில் நனைந்தேன், ஐஸ் தண்ணி குடித்தேன்.

என் கேள்வி இதுதான். இணையத்தில் எங்கே பார்த்தாலும் “ரீமேக் குப்பை, ஒரிஜினல் பார்” என்கிறார்கள். காட்சிக்குக் காட்சி ஒன்றுதான் என்றும் அவர்களே சொல்கிறார்கள். அப்படியென்றால் எதற்காக மறுபடி பார்க்க வேண்டும்? இன்னொன்று, கடைசிக் காட்சியை (அவளை இருட்டுக்குள் இழுத்துக்கொண்டு போவது) போஸ்டரிலேயே போட்டிருக்கிறார்கள். படம் முழுக்க அது எப்போது வரும் என்றே காத்திருந்தேன். இது யார் மூளையில் உதித்த யோசனை?

பண்ருட்டி வீடியோக்காரர் எழுதியது:

தம்பி, முதலில் போஸ்டர் விஷயம். போஸ்டரில் மட்டுமா, டிரெய்லரிலும் அதைத்தான் கடைசியாக வைத்தார்கள். படத்திலேயே இறுதி ஷாட்டும் அதுதான். இயக்குநர் அத்தனை பேரை வைத்து மாடி மாடியாக ஓடி எடுத்ததை, விற்கிறவர்கள் ஒரே படத்தில் விற்றுத் தீர்த்துவிட்டார்கள். அந்தக் கோபத்தை இயக்குநர் மேல் காட்டுவது நியாயமில்லை.

கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான், அதனால் கொஞ்சம் தொழில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் படத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி “உயிர் போகிற நேரத்தில் எவன் கேமராவைப் பிடித்துக்கொண்டிருப்பான்?” என்பது. ‘ரெக்’ இதற்கு வைத்திருக்கிற பதில் ரொம்ப எளிது. கட்டடத்தில் கரன்ட் போன பிறகு, கேமரா மேல் மாட்டியிருக்கிற லைட்தான் அவர்களிடம் இருக்கிற ஒரே வெளிச்சம். கேமராவைக் கீழே வைத்தால் கண்ணே போய்விடும். மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் கரன்ட் போய், ஜெனரேட்டர் பிடிக்கிற வரை என் பேட்டரி லைட்டை நம்பி ஐயர் மந்திரம் சொன்னதெல்லாம் உண்டு. அப்போது மொத்தக் கூட்டமும் நான் எந்தப் பக்கம் திரும்புகிறேனோ அந்தப் பக்கம்தான் பார்க்கும். அந்த அதிகாரத்தை ‘ரெக்’ பயன்படுத்தியிருக்கிற மாதிரி வேறு யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

மேல்மாடிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் ஒரு சின்னக் கதவு தானாகத் தொங்குகிறது. கேமராமேன் தலையை உள்ளே விடப் பயந்து கையை நீட்டிக் கேமராவை மட்டும் உள்ளே விடுகிறான், அங்கே மெதுவாகச் சுற்றுகிறான். தூசி, ஓட்டை உடைசல், இருட்டு, மறுபடி தூசி. முழுச் சுற்று முடியப்போகிற நேரத்தில் ஒரு பையன் பாய்ந்து அடிக்கிறான், லைட் உடைகிறது. இந்தச் சுற்றின் வேகத்தைத்தான் நான் இரண்டு படத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்பானியக்காரர் அவசரமே படவில்லை, நம்மைக் கொஞ்சம் அலுப்பூட்டுகிற அளவுக்கு மெதுவாகச் சுற்றுகிறார், அலுப்பு தட்டின அந்த நொடியில்தான் அடி விழுகிறது. ரீமேக்கிலும் அதே காட்சி உண்டு, அதே பையன் உண்டு, ஆனால் ஏதோ வரப்போகிறது என்பது கை நடுக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அப்புறம் லைட் உடைந்ததும் நைட் ஷாட்டுக்கு, அதாவது இருட்டிலும் படம் பிடிக்கிற வசதிக்கு மாறுவார்கள். பச்சையாகத் தெரியும். இதில் ஒரு சூட்சுமம், அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. பார்க்க முடிகிறவர்கள் கேமராமேனும் நாமும்தான். அவள் கையை நீட்டித் தடவிக்கொண்டு நடக்கிறாள், நமக்கோ அறையின் அந்தக் கோடியில் ஒரு உருவம் சுத்தியலோடு திரிவது தெரிகிறது. வாயைத் திறந்து “அந்தப் பக்கம் போகாதேம்மா” என்று சொல்லவும் முடியாது, சொன்னால் அதற்குக் கேட்டுவிடும்.

பெரிய காரணம் ஒன்று உண்டு. ‘ரெக்’கில் நடித்த மானுவெலா வெலாஸ்கோ நிஜமாகவே ஸ்பெயின் டிவியில் நிகழ்ச்சி நடத்தியவர். மைக்கைப் பிடிக்கிற விதம், “இதையும் எடு, நிறுத்தாதே” என்று அதட்டுகிறது, பேட்டிக்கு முன்னால் தலையைச் சரிசெய்வது எல்லாம் அவருக்குப் பழக்கம். கேமராமேன் பாப்லோவாக வருகிறவரும் படத்தின் நிஜ ஒளிப்பதிவாளர் பாப்லோ ரோஸோதான். முகமே காட்டாமல் ஒரு பாத்திரம். நடிகர்களுக்கு முழுத் திரைக்கதையைக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள், மாடிப்படி நடுவில் தீயணைப்பு வீரர் மேலிருந்து வந்து விழுகிறபோது எல்லோரும் துள்ளுகிறார்களே, அது நடிப்பு மட்டும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஸ்பெயினின் கோயா விருதில் சிறந்த அறிமுக நடிகை விருது கிடைத்தது, பேய்ப்படத்துக்கு இதெல்லாம் சும்மா கிடைக்காது.

ஓ.டி. மீன்குழம்பு எழுதியது:

இரண்டுமே தலைவலி. கேமராவை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவனை வைத்து எடுத்துவிட்டு யதார்த்தம் என்கிறார்கள். நடுவில் வாந்தி வந்து எழுந்து போய்விட்டேன், பயத்தில் இல்லை. 1999இல் காட்டுக்குள் தொலைந்துபோகிற பசங்க படம் ஒன்று வந்து சம்பாதித்ததிலிருந்து இந்த வியாதி பிடித்தது, அதற்கு இன்னும் தடுப்பூசி கண்டுபிடிக்கவில்லை.

நெல்லித்தோப்பு நைட் ஷோ எழுதியது:

ரீமேக்குக்காகப் பேச ஒரு ஆளாவது வேண்டும் இல்லையா, நான் பேசுகிறேன்.

வீடியோக்கார அண்ணன் சொன்ன எல்லாம் சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். ரீமேக்கில் கேமராவே ஆயுதம் ஆகிற காட்சி ஸ்பானியப் படத்தில் கிடையாது. நோய் முற்றின ஒரு பெண் பாய்கிறாள், கேமராமேன் கையில் வேறு எதுவும் இல்லை, கேமராவாலேயே இடிக்கிறான். நாம் லென்ஸுக்கு உள்ளே இருக்கிறோம், அதாவது நம் முகத்தால் இன்னொரு முகத்தை இடிக்கிற மாதிரி. முடிந்ததும் லென்ஸில் ரத்தம், அதை அவன் துடைக்கிறான். இந்த வகைப் படங்களிலேயே இதுதான் சிறந்த யோசனை என்பேன், யார் வேண்டுமானாலும் சண்டைக்கு வரலாம்.

ரீமேக்கில் ஏஞ்சலாவாக வருகிற ஜெனிபர் கார்பென்டர் கடைசிப் பதினைந்து நிமிடம் கத்திக்கொண்டே இருக்கிறார் என்று குறை சொல்கிறார்கள். கொஞ்சம் கத்தல் அதிகம்தான். ஆனால் மூச்சு முட்டி, வாயில் எச்சில் ஒழுக, வார்த்தை வராமல் நடுங்குகிறவரைப் பார்த்தால் அது அழகுக்கு நடிக்கிற நடிப்பு இல்லை என்பது தெரியும். நிஜமாக மாட்டிக்கொண்டவர் யாரும் அளவாகக் கத்த மாட்டார்.

பணம் என்று பார்த்தாலும், சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலரில் எடுத்து 4 கோடி டாலருக்கு மேல் வசூல். அமெரிக்காவில் மூலப்படம் டிவிடியாகக்கூட 2009இல்தான் வந்தது. அதனால் அங்கே நிறையப் பேருக்கு இதுதான் முதல் படம். வசனத்தைக் கீழே படித்துக்கொண்டே பயப்பட முடியாது என்கிறவர்களும் இருக்கிறார்கள், நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் ரீமேக் கோட்டை விட்டது. நோய் எங்கிருந்து வந்தது என்பதில்.

கோரிமேடு சிஸ்டர் எழுதியது:

நான் அதற்குத்தான் வருகிறேன். எனக்கு அங்கேதான் ரீமேக் பிடித்தது, நீங்கள் எல்லோரும் அடிக்க வந்தாலும் சரி.

‘ரெக்’கில் மேல்மாடி அறைக்குப் போனதும் சுவரெல்லாம் பத்திரிகைத் துணுக்கு, சாமி படம், ஒரு டேப் ரெக்கார்டர். போர்ச்சுகலைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்தது, அதை மருந்து கொடுத்துத் தீர்க்கப் பார்த்த பாதிரியார், அது தொற்றுநோயாக மாறியது என்று போகிறது. ரீமேக்கில் பேயைத் தூக்கிவிட்டார்கள். உலகம் அழியும் என்று நம்புகிற ஒரு கூட்டம், வெறிநாய்க்கடி வைரஸை மாற்றி வைத்திருக்கிறது. பேய் எனக்குப் பயமில்லை. வெறிநாய்க்கடி பயம், ஏனென்றால் நான் பார்த்திருக்கிறேன்.

படத்தில் கடித்த சில நிமிடத்தில் வெறி பிடிக்கிறது. நிஜத்தில் அப்படி இல்லை, பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். வைரஸ் நரம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூளைக்கு ஏறுகிறது, அங்கிருந்து எச்சில் சுரப்பிக்கு வருகிறது. அதனால்தான் முகத்திலும் கழுத்திலும் கடி என்றால் எங்களுக்குப் பதற்றம் அதிகம், மூளை பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் குழந்தை அம்மா முகத்தைக் கடிக்கிறதே, படமெடுத்தவர்கள் தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, எனக்கு அந்த இடம்தான் உறைத்தது. அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லோருமே இறந்துவிடுகிறார்கள். தண்ணீர் டம்ளரைக் காட்டினாலே தொண்டை இறுகும், ஃபேன் காற்று முகத்தில் பட்டால்கூட உடம்பு தூக்கிப் போடும். நடுநடுவே தெளிவாகப் பேசுவார்கள், அதுதான் பார்க்கச் சகிக்காது.

மனிதரிடமிருந்து மனிதருக்கு உறுப்பு மாற்று சிகிச்சை வழியாகப் பரவியது உண்டு, மற்றபடி மனிதர் கடித்துப் பரவுவது சினிமாவில்தான். ரீமேக்கில் ஒரு எலிக்கும் வெறி பிடிக்கிறது, எலியில் இந்த நோய் அநேகமாக வருவதே இல்லை. லிஃப்டில் நாய் பாய்கிற காட்சி மட்டும் பொருத்தம். அந்தக் கட்டடத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் குடியிருக்கிறார், அறிகுறிகளை முதலில் அடையாளம் காண்கிறவர் அவர்தான், அது நல்ல சேர்க்கை. ஆனால் மருத்துவர் என்கிறவர் முதல் கடி விழுந்ததுமே செய்ய வேண்டியதை யாரும் செய்யவில்லை. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் புண்ணைக் கழுவுங்கள் என்று கத்தத் தோன்றியது. மஞ்சள் வைக்காதீர்கள், சுண்ணாம்பு வைக்காதீர்கள், நேராக ஊசிக்கு வாருங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். பாஸ்டர் 1885இலேயே கண்டுபிடித்தது, குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இலிருந்து இருக்கிறது, இன்னமும் “குட்டிநாய் தானே” என்று வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மஞ்சக்குப்பம்வாசி எழுதியது:

சிஸ்டர், படத்தைவிட உங்கள் பதிவு பயமாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அடைத்து வைக்கிறவர்களைப் பற்றி இரண்டு படத்திலும் எப்படிக் காட்டுகிறார்கள்? ரீமேக்கில் ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்தவரைச் சுட்டே விடுகிறார்கள். கட்டடத்துக்கு மேலே பிளாஸ்டிக்கைப் போர்த்துகிறார்கள். அது கொஞ்சம் ஓவராகத் தெரிந்தது. முள்ளோடையில் எல்லையை அடைத்தபோது நம் ஆட்கள் வயல் வழியாக பாண்டிக்கு வேலைக்குப் போனார்கள், போலீஸ் திட்டினது, திருப்பி அனுப்பினது, அவ்வளவுதான்.

நெல்லித்தோப்பு நைட் ஷோ எழுதியது:

பிளாஸ்டிக் இரண்டிலும் உண்டு. ‘ரெக்’கில் வெளியே இருக்கிறவர்கள் கிட்டத்தட்ட வெறும் குரல்தான், ஒலிபெருக்கியில் “ஒத்துழையுங்கள்” என்று ஒரே வாக்கியம், எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. எனக்கு அதுதான் 2020 மாதிரி இருந்தது. துப்பாக்கி எல்லாம் அமெரிக்காவுக்கு உரியது.

‘ரெக்’கில் இன்னொன்று ரொம்ப நம் ஊர். கதவு அடைபட்டதும் ஏஞ்சலா குடியிருப்பவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேட்டி எடுக்கிறாள். அதில் ஒருவர் கேமரா முன்னால் சட்டையைச் சரிசெய்துகொண்டு எந்தப் பக்கம் முகம் நன்றாக இருக்கும் என்று பார்க்கிறார், பிறகு சாவகாசமாக அதே கட்டடத்தில் குடியிருக்கிற ஜப்பானியக் குடும்பத்தின் மேல் பழியைப் போடுகிறார், பச்சை மீன் தின்கிறார்கள், கதவைத் திறந்து போட்டுவிடுகிறார்கள் என்று. சிரிப்பாக எடுத்திருக்கிறார்கள். கோயம்பேட்டிலிருந்து வந்த லாரி டிரைவர் வீட்டு வாசலில் நம் சனம் என்ன பேசியது என்று யோசித்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். ரீமேக்கிலும் மொழி தெரியாத ஒரு ஆப்பிரிக்கத் தம்பதி வருகிறார்கள், ஆனால் இந்தப் பேட்டிச் சுவை அதில் இறங்கவில்லை.

சிஸ்டருக்கு ஒரு பதில். வெறிநாய்க்கடி என்பது நிஜப் பயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்துக்குள் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். ரீமேக்கில் பாதிப் படத்திலேயே மருத்துவர் வாயால் சொல்லிவிடுகிறார்கள், மேல்மாடிக்குப் போனால் புதிதாகத் தெரிய எதுவும் இல்லை. ‘ரெக்’கில் முக்கால் படம் வரை நாமும் வைரஸ் என்றே நம்புகிறோம், நாய், குழந்தை, காய்ச்சல் என்று கணக்குப் போட்டு முடித்து வைத்திருக்கிறோம், அங்கே போனதும் கணக்கு மொத்தமாகத் தப்பு என்கிறது படம். தப்பிக்க வழி என்று நினைத்து ஏறின அறைதான் ஊற்று. இது பேயா வைரஸா என்பதைவிட, எப்போது சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

கோரிமேடு சிஸ்டர் எழுதியது:

எப்போது சொல்கிறார்கள் என்பது சரி. எனக்குப் பேய் வந்ததும் உடம்பு தளர்ந்துவிட்டது, அப்பாடா இது கதைதான் என்று. நீங்கள் அங்கே பயப்பட ஆரம்பிக்கிறீர்கள், நான் அங்கே நிறுத்திவிட்டேன். ஆனால் அந்த ஒல்லி உருவம் வந்ததும் மறுபடி ஆரம்பித்தது, அது கிராஃபிக்ஸா?

பண்ருட்டி வீடியோக்காரர் எழுதியது:

இல்லை சிஸ்டர், ஆள்தான். ஹாவியர் போத்தெட் என்ற நடிகர், மார்ஃபன் குறைபாடு உள்ளவர், அதனால் கை, கால், விரல் எல்லாம் நீளம், உடம்பு ஒல்லி. அதற்கு மேல் ஒப்பனை மட்டும். ரீமேக்கில் அந்த இடத்துக்கு டக் ஜோன்ஸ் வருகிறார், அவரும் இந்த மாதிரி ஒப்பனைப் பாத்திரங்களுக்கே பேர்போனவர். இருவரையும் குறை சொல்ல முடியாது.

மஞ்சக்குப்பம் தம்பிக்கு என் பதில்: பார். ‘ரெக்’ 78 நிமிடம்தான், ரீமேக்கைவிடப் பத்து நிமிடம் குறைவு, சீக்கிரம் முடிந்துவிடும். என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது ஒரு நஷ்டம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் எப்படி நடக்கிறது என்று பார்க்கிறவனுக்கு அது வேறு படம். தலைசுற்றலுக்கு, பெரிய டிவிக்கு மிகவும் பக்கத்தில் உட்காராதே, அறையில் ஒரு விளக்கை எரியவிடு. மீன்குழம்பு அண்ணனுக்கும் இதே வைத்தியம்தான். ஆங்கில டப்பிங்கில் பார்க்காதே, பாதி படம் அந்தப் பெண்ணின் குரலில்தான் இருக்கிறது.

ஓ.டி. மீன்குழம்பு எழுதியது:

விளக்கை எரியவிட்டுப் பேய்ப்படம் பார்ப்பதற்கு நான் சீரியலே பார்த்துக்கொள்கிறேன்.

நெல்லித்தோப்பு நைட் ஷோ எழுதியது:

‘ரெக்’ பிடித்தால் 2009இல் வந்த இரண்டாம் பாகத்தையும் பார்த்துவிடுங்கள், முதல் படம் முடிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறது, இந்த முறை போலீஸ்காரர்களின் ஹெல்மெட்டிலேயே கேமரா. ‘குவாரன்டைன்’ இரண்டாம் பாகம் 2011, விமானமும் விமான நிலையமும், கேமரா விளையாட்டையே விட்டுவிட்டுச் சாதாரணப் படமாக எடுத்துவிட்டார்கள், அவசியமில்லை.

‘ரெக்’ மூன்றாம் பாகம் 2012, முதல் இரண்டையும் சேர்ந்து எடுத்த இரண்டு இயக்குநர்களில் ஒருவரான பாக்கோ பிளாஸா தனியாக எடுத்தது. கதை நடப்பது ஒரு கல்யாண வரவேற்பில். முதல் இருபது நிமிடம் போல கல்யாண வீடியோக்காரரும் சொந்தக்காரர்களும் எடுத்த பதிவுதான், அப்புறம் மாப்பிள்ளையே கேமராவைப் போட்டு உடைத்துவிடுவார், அதிலிருந்து சாதாரணப் படம்.

பண்ருட்டி வீடியோக்காரர் எழுதியது:

உடைக்கிறதுக்கு முன்னால் பாக்கிப் பணத்தைக் கொடுத்தாரா?